குழாய் வழியே கேட்ட 2021

ஒரு பாட்டு நல்ல பாட்டா என்று யாராவது கேட்டால், குழாயில் போட்டுப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. ஹெட்போனில் எல்லாப் பாட்டும் இனிக்கும். வேப்பமரக் கிளையில் கட்டிய குழாய் ரேடியோவிலிருந்து எதிர்க்காற்றைத் தாண்டி, தூரத்து வயலில் களையெடுக்கிற பொம்பளை காதுக்கு வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் சோதனை. குழாய் அடிச்சத்தத்தைத் தூக்காது. நடுச்சத்தத்தை மட்டும் கூர்மையாக்கித் தள்ளும். மனிதத் தொண்டையின் சத்தம் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கிறது. டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா குரல்களெல்லாம் ஒரு ஊர் தாண்டி அடுத்த ஊர் வரை போனதற்கு அதுவே காரணம்.

மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் ரோட்டை ஒட்டிய கிராமங்களுக்கு ரேடியோ செட் கட்டுவது எங்கள் தொழில். அப்பா இசைத்தட்டில் ஆரம்பித்தார். நான் கேசட்டில் கற்றுக்கொண்டு இப்போது பென்டிரைவில் ஓட்டுகிறேன். கூம்புக் குழாய்க்குப் போலீஸ் கெடுபிடி வந்த பிறகு விசேஷ வீடுகளில் பாக்ஸ்தான் கட்டுகிறோம். ஆனாலும் கொட்டகையில் பழைய அஹூஜா ஆம்ப்ளிஃபயரோடு ஒரு குழாயை இணைத்தே வைத்திருக்கிறேன். புதுப் பாட்டு எது வந்தாலும் முதலில் அதில் போட்டுவிட்டு, ரோட்டுக்கு நடந்துபோய் நின்று கேட்பேன்.

அப்பாவிடமிருந்து வந்த இன்னொரு பழக்கமும் உண்டு. பாட்டைப் போடுவதற்கு முன் மைக்கைப் பிடித்து படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லிவிடுவது. இசைத்தட்டின் நடுவட்டத்தில் பெயர்கள் அச்சாகியிருக்கும், அப்பா அதைப் பார்த்து வாசிப்பார். பென்டிரைவில் ஃபைல் பெயரைத் தவிர ஒன்றும் கிடையாது, அதிலும் பாதி ஏதாவது வெப்சைட்டின் பெயராக இருக்கும். அதனால் ஒரு நோட்டுப் போட்டுப் பெயர்களை எழுதிவைக்கிறேன். 2021-ம் வருடத்தில் எனக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்த நோட்டைத்தான் எடுத்தேன். அந்த வருடம் பாட்டைச் சுற்றி நாட்டில் நடந்த சண்டைகளில் பல, பெயரைப் பற்றிய சண்டைகளாகவே இருந்திருக்கின்றன.

பொங்கலுக்கு 'மாஸ்டர்' வந்தது, ஜனவரி 13. அதன் பாட்டுகள் வெளியானது அதற்கு முந்தைய மார்ச்சில், முதல் கொரோனா ஊரடங்குக்குச் சில நாள் முன்னால். அனிருத்தின் 'வாத்தி கமிங்' ஒரு விசேஷ வீட்டையும் பார்க்காமல் மாதக்கணக்கில் செல்போனுக்குள்ளேயே கிடந்தது. தை பிறந்து காதுகுத்தும் சடங்கும் மறுபடி நடக்க ஆரம்பித்ததும், அந்தப் பாட்டுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆடத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்குள் தனித்தனியாகப் பழகிய ஆட்டம். அதைப் பந்தலில் ஒன்றாகப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டு என் குழாய்ச் சோதனையில் தேறவில்லை, அது அடிச்சத்தத்துக்கென்றே செய்த பாட்டு. பதினெட்டு இஞ்ச் பாஸ் இல்லாமல் போட்டால் டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்காக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 18-ல் 'கர்ணன்' படத்தின் முதல் பாட்டு வந்தது, 'கண்டா வரச் சொல்லுங்க'. சந்தோஷ் நாராயணன் இசை. அவரோடு பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள். கொட்டகைக் குழாயில் போட்டுவிட்டு ரோட்டுக்குப் போனேன். புளியமரத்தைத் தாண்டி, ஓடைப் பாலத்தையும் தாண்டி நின்று கேட்டேன். ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. மேடைக் கச்சேரியிலும் நாற்று நடவிலும் பழகிய தொண்டைக்கு மைக் என்பது கூடுதல் வசதி, அவ்வளவுதான். மாரியம்மாள் சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து மூச்சு முடியும் வரை விடாமல் பிடித்திருக்கிறார். ஸ்டுடியோவில் பழகியவர்கள் அந்த இடத்தில் குரலைத் தணித்துவிடுவார்கள். பறவை முனியம்மாவும் கொல்லங்குடி கருப்பாயியும் இப்படித்தான் பாடுவார்கள். முனியம்மா முந்தைய வருடம் மார்ச் 29-ல் போய்விட்டார். ஊரே அடைபட்டிருந்த நாள்கள் அவை.

அதே படத்தில் தேவா பாடிய ஒரு பாட்டு 'பண்டாரத்தி புராணம்' என்று வந்தது. ஒரு சமூகத்தார் அந்தப் பெயரை எதிர்த்தார்கள். படக்குழு அதை 'மஞ்சனத்தி புராணம்' என்று மாற்றியது. இதைப் பெரிதுபடுத்த என்ன இருக்கிறது என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு அனுமதி வாங்கப் போனால், சாதியையோ கட்சியையோ தலைவர்களையோ உயர்த்தியும் தாழ்த்தியும் பாட்டுப் போடக் கூடாது என்று நிபந்தனை எழுதித்தான் தருவார்கள். எந்தத் தெருவுக்குள் சாமி நுழையும்போது எந்தப் பாட்டு ஓடியது என்பதில் அரிவாள் வரை போன ஊர்களை எனக்குத் தெரியும். ரேடியோ செட்காரன் ஆம்ப்ளிஃபயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் தெருவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மாறியதும் அந்தப் பாட்டைப் புதுப் பெயரிலேயே ஏற்றினேன், புதுப் பெயரைச் சொல்லியே போட்டேன். கானாவுக்கு ஒரு காலத்தில் சினிமாவில் நாற்காலி போட்டுக் கொடுத்த தேவாவின் குரல், வயது ஏறிய கரகரப்போடு, அந்தப் பாட்டில் அவ்வளவு பொருத்தம்.

அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, 234 தொகுதிக்கும் ஒரே நாள். எங்கள் தொழிலில் தேர்தல் என்பது ஆட்டோ. ஆட்டோ கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய், பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர், பதிவு செய்த வேட்பாளர் பேச்சு, நடுநடுவே பாட்டு. அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 30 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதால், மைக் செட் வாடகையைக்கூட அதிகாரிகள் விலைப்பட்டியல் வைத்துக் கணக்கில் ஏற்றினார்கள். எங்கள் வேலைக்கு அரசாங்கமே ஒரு விலை எழுதுகிற ஒரே சமயம் அதுதான். இரவு பத்தானால் நிறுத்திவிட வேண்டும், பறக்கும் படை வண்டி பின்னாலேயே வரும்.

எல்லாக் கட்சிக்கும் வண்டி கட்டினேன், அது தொழில் தர்மம். கட்சிப் பாட்டுகள் எதுவும் என் பட்டியலில் ஏறவில்லை. அவை மோசம் என்று சொல்ல மாட்டேன். அவை தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் சொல்ல வேண்டும், எனவே கத்தியாக வேண்டும். என்னைக் கட்டிப்போட்டது வேறொரு விஷயம். நாள் முழுக்கப் பிரச்சாரம் ஓட்டிவிட்டு இரவு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினால், கட்சிக்காரப் பையன்களே வந்து, "அண்ணே, செட்டக் கழட்டுறதுக்குள்ள அந்த மாரியம்மா பாட்ட ஒருக்கா போடுண்ணே" என்பார்கள். எந்தக் கொடி கட்டிய வண்டியாக இருந்தாலும் கேட்டது அதே பாட்டுத்தான். ஏப்ரல் 4 சாயங்காலம் ஏழு மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது.

ஏப்ரல் 10-லிருந்து திருவிழாக்களுக்கும் மதம் சார்ந்த கூட்டங்களுக்கும் தடை என்று அறிவிப்பு வந்தது. எங்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரைதான் பிழைப்பு. அதிலும் சித்திரைதான் பெரிய மாதம். அழகர் மலையிலிருந்து கிளம்பி அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி, தல்லாகுளம் என்று ஒவ்வொரு மண்டகப்படியாக வருவார். ஒவ்வொரு மண்டகப்படியிலும் ஒருவர் செட் கட்டியிருப்போம். ஒருவர் செட்டின் சத்தம் தேயும் இடத்தில் அடுத்தவர் செட் கேட்க ஆரம்பிக்கும். 1999-ல் வந்த 'கள்ளழகர்' படத்துக்காகத் தேவா இசையமைத்த அழகர் பாட்டு அந்த ரோடு நெடுக, ஒன்றின் வால் முடியுமுன் இன்னொன்றின் தலை தொடங்கி, விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். 2020-ல் அது இல்லை, 2021-லும் இல்லாமல் போனது. அழகர் வைகைக்கு வரவில்லை. கோயில் வளாகத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்தது. மீனாட்சி கல்யாணத்தை ஜனங்கள் செல்போனில் பார்த்துவிட்டு வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். நோய்க்காகச் செய்தது, செய்யத்தான் வேண்டும். அதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பந்தல்காரர், சமையல்காரர், ஜெனரேட்டர்காரர், செட்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாருக்கும் அது இரண்டாவது வருடம். கலைஞர்களுக்காவது ஒரு வாரியம் உண்டு. நாங்கள் கலைஞர்கள் என்ற பட்டியலிலும் இல்லை, எந்தக் கணக்கிலும் எங்கள் பெயர் இல்லை.

மே 10-ல் முழு ஊரடங்கு. ரேஷன் கார்டுக்கு இரண்டு தவணையாக வந்த நாலாயிரமும் ஜூனில் வந்த மளிகைப் பையும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய உதவியதை நான் மறக்க மாட்டேன். என்னிடம் வேலை பார்த்த பையன்களில் ஒருத்தன் லோடு வண்டி ஓட்டப் போனான், இன்னொருத்தன் நூறு நாள் வேலைக்குப் போனான். நான் கொட்டகையைத் திறந்து, வாரம் தவறாமல் ஆம்ப்ளிஃபயர்களுக்குக் கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுவேன். சும்மா கிடந்தால் கண்டன்சர் போய்விடும், யூனிட்டுக்குள் ஈரம் இறங்கும், ஒயரை எலி கடித்துவிடும். சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்த மாதங்களில் நான் அதிகம் கேட்டது 'என்ஜாய் எஞ்சாமி'.

மார்ச் 7-ல் வந்த பாட்டு அது. பாடகர்கள் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. முதலில் கேட்டபோது பிள்ளைகளின் ஆட்டப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மே மாதத்து அமைதியில்தான் அதற்குள் இருக்கும் ஒப்பாரி காதில் விழுந்தது. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் அவர். 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள், தாங்கள் பிறந்த மண்ணை விட்டுவிட்டுத் தாத்தன் பாட்டன் கிளம்பிப்போன மண்ணுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. மரம் வைத்தவனுக்கு நிழல் கிடைக்காத கதை. எழவு வீட்டுக்குச் செட் கட்டிப் பழகிய எனக்கு அந்த ஓலத்தின் ஏற்ற இறக்கம் தெரியும். தலைவிரித்து அழுகிறவள் செத்தவரைப் பற்றி மட்டுமா அழுகிறாள்? போன நிலம், வராத கூலி, பேசாமல் போன அண்ணன் தம்பி எல்லாம் அதில் வரும். அந்தக் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஆட்டத்தைப் போட்டிருக்கிறார்கள். குழாயில் போட்டால் ஆட்டம் கரைந்துபோய் ஒப்பாரி மட்டும் மிஞ்சுகிறது. அந்த வருடத்தின் முதல் பாட்டு எனக்கு அதுதான்.

ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும் இதழின் அட்டையில் அறிவின் படத்தை விட்டுவிட்டது. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவை வைத்துத் தனி அட்டை வந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் சொல்லை எழுதிப் பாடியவன் பெயரும் முகமும் முதல் தடவையிலேயே அங்கே இருந்திருக்க வேண்டும். கிராமத்துப் பந்தலில், நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதியவர் பெயரைச் சொல்லிப் போடுகிறோம். உலகம் முழுக்கப் போகிற அட்டையில் அதற்கு இடமில்லையா?

ஊரடங்கில் பெரிய கொடுமை சாவுதான். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலை செட் கட்டுவது. குழாய் பேச ஆரம்பித்ததும் நாலு ஊர் எட்டிப்பார்க்கும். "யாருடா?" என்று கேட்டபடி வயலிலிருந்து ஏறி வருவார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து இறுதிச் சடங்குக்கு 25 பேர்தான். ஆஸ்பத்திரியில் போனவர்கள் வீட்டுக்கே வரவில்லை, அங்கிருந்து நேராகத் தத்தனேரி மயானம். ஊருக்குள் பாதிப் பேருக்குத் தெரியாமலே ஆட்கள் போனார்கள்.

கெடுபிடி தளர்ந்த பிறகு, அப்படிப் போன ஒருவருக்குப் படத்திறப்பு வைத்தார்கள். பாக்ஸ் ஒன்றே ஒன்று, சின்ன ஆம்ப்ளிஃபயர், வீட்டு வாசலில் பந்தல். பக்திப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா, இறந்தவரின் மனைவி, உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, 'ஆயிரம் நிலவே வா' இருக்கா?"

"இருக்குக்கா. இங்கயா போடச் சொல்றீங்க?"

"இங்கதான். அவுகளுக்கு அதுதான் பாட்டு."

பெரியவர் ஒருவர், "எழவு வீட்டுல டூயட்டு போடுவாகளாத்தா?" என்று முகம் சுளித்தார். அக்கா அவரைப் பார்த்து, "மாமா, ஆஸ்பத்திரியில மொகத்தக்கூடக் காட்டல. பாட்டையாவது கேட்டுக்கிறேன்" என்றார். பெரியவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நான் மைக்கை எடுத்து எப்போதும் போலச் சொன்னேன். படம் 'அடிமைப்பெண்', வருடம் 1969, எழுதியவர் புலமைப்பித்தன், இசை கே.வி. மகாதேவன், பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியம், பி. சுசீலா. பாலு பெயரைச் சொன்னதும் பந்தலில் ஒரு அசைவு. அவரும் அதே நோயில் விழுந்து முந்தைய செப்டம்பர் 25-ல் போனவர். டைபாய்டில் படுத்த இளம் பாடகனுக்காக எம்.ஜி.ஆர். காத்திருந்து பாட வைத்த பாட்டு என்று எங்கள் அப்பா சொல்லாத பந்தல் கிடையாது. அக்கா பாட்டு முடியும் வரை படத்தைப் பார்த்தபடி நின்றார், அழவில்லை. முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். இன்னொரு தடவை போட்டேன்.

செப்டம்பர் 8-ல் புலமைப்பித்தன் காலமானார். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 4-ல், 'அண்ணாத்த' படத்தின் பாட்டு வந்தது. இமான் இசையில் ரஜினிக்குப் பாலு பாடிவைத்துவிட்டுப் போன பாட்டு. தீபாவளிக்கு அதைப் போடாத தெரு இல்லை. பாட்டாக அது அவருடைய உச்சம் கிடையாது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய குரலில் அந்தச் சிரிப்பு குறையாமல் இருக்கிறது. பாலு பாடும்போது சிரிப்பது குழாயில்கூடக் கேட்கும். வேறு எந்தப் பாடகரிடமும் இதை நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

அந்த வருடம் ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். பெட்ரோல் நூறைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநில அரசு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது, எங்களுக்கு வேண்டிய டீசலுக்குத் தீபாவளியன்றுதான் மத்திய அரசு வரியைப் பத்து ரூபாய் குறைத்தது. வாடகையை ஏற்றவும் முடியவில்லை, கேட்கிறவர்களும் எங்களைப் போலவே காய்ந்துபோனவர்கள். மார்கழி பிறந்ததும் 'புஷ்பா' வந்தது. ராஜலட்சுமி தமிழில் பாடிய 'சாமி சாமி'யைக் கேட்காத பொம்பளைப் பிள்ளை இல்லை. மேடை நாட்டுப்புறப் பாட்டில் வளர்ந்த குரல் என்பதால் குழாய்க்குச் சுலபமாகப் பொருந்தியது.

'புஷ்பா' வெளியான அதே டிசம்பர் 17-ல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 விநாடியில், முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில் பாட வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு. அதே ஆணையில் எங்கள் தொழிலைத் தொடும் ஒரு வரி இருந்தது. இசைத்தட்டைப் போடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும்.

மனோன்மணீயம் சுந்தரனாரின் அந்தப் பாடலுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்து, டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய பதிவுதான் அரை நூற்றாண்டாக எல்லா அரசு விழாவிலும் ஓடியது. அப்பாவும் நானும் அதைப் போட்டு வளர்ந்தவர்கள். டி.எம்.எஸ். எங்கள் மதுரைக்காரர். அந்தக் குரலைக் கேட்காமல் விழா தொடங்குவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஆணை சரி என்றே சொல்வேன். பட்டனை அமுக்கியதும் வருகிற பாட்டுக்கு மேடையில் இருப்பவர்கள் செல்போனைப் பார்த்தபடி நிற்பதை எத்தனையோ தடவை மிக்சருக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன். கண்முன்னால் நாலு பிள்ளைகள் பாடும்போது அப்படி நிற்க யாருக்கும் மனசு வராது.

அந்த வாரமே ஒரு அரசுப் பள்ளி விழா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் பாடத் தயாராக இருந்தார்கள். முன்கூட்டியே போய் ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை மேல் சுருதியில் எடுத்துவிட்டு நடுவில் எட்டாமல் திணறினார்கள். தமிழ் டீச்சர் ஒரு கட்டை இறக்கிச் சொல்லிக்கொடுக்க, நான் செல்போனில் சுருதிப்பெட்டியை வைத்து அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கீழே ஒரு சின்ன பாக்ஸ் வைத்தேன். ரெண்டு மைக், ஒன்றுக்கு இருவர். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கச் சொன்னேன். ஒட்டி நின்றால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். பாஸைக் குறைத்து நடுச்சத்தத்தைத் தூக்கினேன், எக்கோவைச் சுத்தமாக எடுத்துவிட்டேன். ஃபீட்பேக் அடிக்காமல் இருக்கப் பாக்ஸ்களை மேடைக்கு முன்னால் தள்ளினேன். அடுத்த தடவை 55 விநாடியில் முடித்தார்கள்.

நிகழ்ச்சி நிரலில் 'தமிழ்த்தாய் வாழ்த்து' என்று மட்டும் அச்சாகியிருந்தது. மற்ற எல்லா வரிக்கும் எதிரே ஒரு பெயர் இருந்தது, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை வரை. நான் தலைமையாசிரியரிடம் போய், "சார், பாடுற பிள்ளைக பேரையும் வாசிச்சிருவோம் சார்" என்றேன். அவர் பேனாவை எடுத்து நாலு பெயரையும் வகுப்போடு எழுதி, தொகுத்து வழங்கும் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் வாசித்தார், பிள்ளைகள் பாடினார்கள். விழா முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியர் வந்து, "குடியரசு தினத்துக்கும் இதே பிள்ளைகதான்ப்பா, பேரை இப்பவே நிரல்ல ஏத்திடுறேன்" என்றார்.